தோலும் நூலும்: எவே மொழிச் சொல் ஒன்று

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கானா நாட்டின் தென்கிழக்கிலும் டோகோ நாட்டின் தெற்கிலும் வாழும் எவே மக்கள் நூலை 'அக்பலே' என்பர். இதன் நடுவிலுள்ள ககரமும் பகரமும் ஒரே முயற்சியில் ஒருங்கே பிறப்பன. ஈற்றுயிர் மூக்கொலி பெறும். நம் எழுத்தில் ஒருவாறே காட்டலாம். கடிதமும் தாளும்கூட அக்பலேதான். ஆயினும் இச்சொல்லுக்குத் தோல் என்னும் பொருளும் உண்டு. அதுவே முதற்பொருள் என்பது என் துணிபு.

சான்று அம்மொழியிலேயே உளது. விலங்கு 'லா'; விலங்கின் தோல் 'லாக்பலே'. மனித உடலின் தோல் 'ஙுத்திக்பலே'. (ஙகரத்திற்கு ஒரு சொல் காட்ட நாம் வகுப்பில் படும் பாட்டை நினைத்தால், அங்கே அது மொழிக்கு முதலாக நிற்பது கண்டு பொறாமையே உண்டாகிறது!)

தோல் எவ்வாறு நூலாயிற்று? எவேயின் உடன்பிறந்த மொழியாகிய பெனின் நாட்டு ஃபோன் மொழியில் நூலுக்கு 'வேமா' என்று பெயர். ஆகவே இரு மொழியும் பிரியுமுன்பே வழங்கிய பொதுச் சொல் இஃது எனக் கொள்வதற்கில்லை. தாளும் எழுத்தும் வெளியிலிருந்து வந்தபின் தோலின் பெயர் தாளுக்கு ஏறியது எனலாம். 1847இல் ஜெர்மனியின் பிரேமன் நகரத்துச் சமயத் தொண்டர் எவே நாட்டுக்கு வந்தனர். 1857இல் அவருள் ஒருவராகிய ஷ்லேகல் எவே இலக்கணத்தை அச்சிட்டார். பள்ளிக்கு ஆங்கிலச் சொல்லே 'சுக்கு' எனத் திரிந்து நிலைத்தது. (நம் மருந்துச் சுக்கு அன்று.) நூலுக்கோ கடன் வேண்டியிருக்கவில்லை, மெல்லிதாய் அகன்று விரியும் பொருளுக்கு அவர்களிடம் முன்பே பெயர் இருந்தது. எழுத்தில்லா மொழி சொல்வளமும் இல்லாதது என்பாரை இவ்வொரு சொல்லே மறுக்கும்.

தோட்டப் பள்ளியில் ஒருநாள் 'ஏடு' என்னும் சொல்லை நான் விளக்குகையில், "பாலுக்கு மேலே படியறதும் ஏடுதானே, ஐயா?" என்றாள் ஒரு சிறுமி. ஆம்; பாலாடைக்கும் எழுதும் ஓலைக்கும் நாம் ஒரே பெயர் வைத்துள்ளோம். அன்று வியந்து நின்ற நான், பின்னர் அக்பலேயைக் கண்டபோது அச்சிறுமியையே நினைத்தேன்.

எவே மொழியில் கற்றவர் 'அக்பலேன்யாலா', அதாவது நூலறிந்தவர். ஆசிரியரின் பெயரில் நூல் இல்லை. அவர் 'நுஃபியாலா', ஒன்றைக் காட்டுபவர்.