கரண்டி யார் கையில்?

2021 பிப்ரவரி. கொரோனாவின் முதல் அலை ஓய்ந்திருந்தது. இரண்டாவது அலை வருமா, வராதா என்று டி.வி.யில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. காட்டுப்பள்ளி துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்புகிற ஏஜென்ட்டுகளின் மதியக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வடசென்னையில் ஒரு ஹோட்டல். வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டினார்கள். 94 டிகிரி என்றது! பிணத்துக்குக்கூட அதைவிடக் கொஞ்சம் சூடு இருக்கும். 'ஓகே சார், போங்க' என்று கையில் கிருமிநாசினியை ஊற்றி, வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் கையுறையும் கொடுத்தார்கள்.

லஞ்ச், பஃபே.

எனக்கு முன்னால் நின்றவர் கையுறையோடு பிரியாணிக் கரண்டியை எடுத்தார். போன் அடித்தது. அதே கையுறையால் பேசினார். அதே கையுறையால் மாஸ்க்கை இறக்கி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அதே கையுறையால் தயிர்ப் பச்சடிக் கரண்டியைப் பிடித்தார். அவர் கை சுத்தமாகத்தான் இருந்திருக்கும். எங்கள் கதி?

சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். ஓடி வந்து, ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு பையனை நிறுத்தினார். 'சார், நீங்க தொட வேணாம். எது வேணும்னு சொல்லுங்க, நான் வைக்கிறேன்' என்றான் எனக்கு வாய்த்த பையன். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, மாஸ்க், இரண்டு கைக்கும் கையுறை. பக்கத்தில் நின்ற பெரியவர், நாற்பது வருஷமாக கஸ்டம்ஸ் கிளியரிங் தொழிலில் இருப்பவர், சிரித்தார். 'பஃபேன்னு சொல்லிட்டு நம்ம ஊர்ப் பந்தியத்தானே தம்பி போடறாங்க! என்ன, நாம நின்னுக்கிட்டிருக்கோம். அவ்ளோதான் வித்தியாசம்.'

'நீ சாப்பிட்டியாப்பா?' என்று அந்தப் பையனிடம் கேட்டேன். அவன் சொன்ன பதிலை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெரியவர் சொன்னதுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்டி யார் கையில் இருக்க வேண்டும்? சாப்பிடுகிறவர் கையிலா, பரிமாறுகிறவர் கையிலா? சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

'பஃபே' என்பது பிரெஞ்சு வார்த்தை. ஆரம்பத்தில் அது சாப்பாட்டின் பெயரே இல்லை, தட்டுமுட்டுச் சாமான் அடுக்கும் பக்க அலமாரியின் பெயர். ஸ்வீடன்காரர்களிடம் 'ஸ்மோர்கஸ்போர்ட்' என்று ஒரு பழக்கம் உண்டு. ரொட்டி, மீன், இறைச்சி எல்லாவற்றையும் நீளமான மேஜையில் பரப்பிவிட்டு 'வேண்டியதை எடுத்துக்கொள்' என்று விட்டுவிடுவார்கள். 1939-ல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் அமெரிக்கர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். 1940-களில் லாஸ் வேகாஸில் 'எல் ராஞ்சோ' என்ற ஹோட்டல், ஒரு டாலருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அறிவித்தது. தர்மச் சிந்தனையெல்லாம் கிடையாது. சாப்பிட வெளியே போகிறவன் திரும்பிச் சூதாட வரமாட்டானே என்ற கவலைதான்!

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதன் கணக்கு சட்டென்று புரியும். பரிமாறும் வேலையைச் சாப்பிடுகிறவன் தலையிலேயே கட்டிவிட்டால் ஆள் கூலி மிச்சம். சம்பளமில்லாத சர்வர் யார் என்றால், காசு கொடுத்துவிட்டு உள்ளே வந்த நாம்தான்.

1958-ல் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் இதே பாணியில் ஓர் உணவகத்தைத் திறந்து, 'இம்பீரியல் வைக்கிங்' என்று பெயர் வைத்தது. ஜப்பானில் இன்றும் பஃபேவுக்கு 'பைகிங்கு' என்றுதான் பெயர். அடுத்த வருஷம், 1959-ல், ஜானி கார்னோ என்ற அமெரிக்க ஹோட்டல்காரர் ஒரு கண்டுபிடிப்புக்கு காப்புரிமை வாங்கினார். பஃபே மேஜைக்கு மேலே சாய்வாக நிற்குமே ஒரு கண்ணாடி, அதுதான். வாடிக்கையாளர்கள் பாத்திரத்துக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லையாம். ஆக, எச்சில் பயம் பஃபேவோடு கூடவே பிறந்தது. கொரோனா அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

நம் ஊரில் கதை நேர்மாறு. இங்கே கரண்டி எப்போதும் பரிமாறுகிறவர் கையில்தான். கல்யாணப் பந்தியானாலும் சரி, பஞ்சகாலக் கஞ்சியானாலும் சரி.

காட்டுப்பள்ளியிலிருந்து தெற்கே எண்ணூர், திருவொற்றியூர் தாண்டினால் ராயபுரம். அங்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய வடசென்னைக்காரர்களைக் கேளுங்கள், 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782-ல் ஹைதர் அலியோடு கும்பெனிக்குச் சண்டை. கிராமங்கள் எரிந்து, பசியோடு சனங்கள் சென்னைக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் ஏற்பட்டது. 'மணியக்காரர் சத்திரம்' என்று பெயர். வெள்ளைக்காரன் வாயில் அது 'மோனிகர் சௌல்ட்ரி' ஆனது. கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள். அதனால் 1799-ல் அங்கே ஒரு வைத்தியசாலை வந்தது. அது வளர்ந்துதான் இன்றைய ஸ்டான்லி. யோசித்துப் பாருங்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரி, சாப்பாட்டு வரிசையிலிருந்து பிறந்திருக்கிறது. பசியும் நோயும் ஒரே வரிசையில் நிற்கும் என்பது ராயபுரத்துக்கு அப்போதே தெரியும்.

நூறு வருஷம் கழித்து, அதே பாடம் இன்னும் கொடூரமாக வந்தது. 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். காட்டுப்பள்ளியை ஒட்டி ஓடுகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கு அந்தப் பெயர் வந்தது இந்தப் பஞ்சத்தின்போதுதான். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை மொத்தக் கால்வாய்க்கும் வைத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்குக் கூலி? கல்கத்தாவிலிருந்து வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் போட்ட கணக்குப்படி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு. 'இதைத் தின்றுவிட்டு மண் வெட்ட முடியாது' என்று சண்டை போட்டார் சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ். அவரும் வெள்ளைக்காரர்தான்.

வேலை செய்ய முடியாதவர்களுக்கு முகாம். முகாமில் சமைத்த சோறு. பின்னாலேயே வந்தது காலரா. 1877-ல் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. காலரா எதனால் வருகிறது என்று கேட்டால், அன்றைக்குப் பெரிய பெரிய அதிகாரிகள் 'கெட்ட காற்று' என்றார்கள். காலரா தண்ணீரில் பரவுகிறது என்று லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ 1854-லேயே தெருக்குழாயைக் காட்டிச் சொல்லிவிட்டார். இந்திய சர்க்காரின் சுகாதாரக் கமிஷனர் கன்னிங்ஹாம் அதை ஏற்கவே இல்லை. 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே கிருமியைப் பிடித்துக் காட்டினார். சென்னைக்கு 1872-லேயே செங்குன்றம் ஏரித் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. ஆனால் அதை மணலில் வடிகட்டி அனுப்ப 1914 வரை ஆனது. காற்றைப் பழித்துக்கொண்டே தண்ணீரைக் குடித்தோம்.

அப்படியே 2020-க்கு வாருங்கள்.

பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பல் மாட்டிக்கொண்டது. 3,700 பேர். 700-க்கும் அதிகமானவர்களுக்குத் தொற்று. உலகமே கப்பலின் பஃபே மேஜையைக் கைகாட்டியது. அந்த வருஷம் ஜப்பானின் என்.எச்.கே. டி.வி. ஒரு பரிசோதனை செய்து காட்டியது. பத்துப் பேருக்கு பஃபே. ஒருவர் கையில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் சாயம். அரை மணி நேரம் கழித்து விளக்கை அணைத்துவிட்டு விசேஷ விளக்கைப் போட்டால், பத்துப் பேரிடமும் சாயம்! மூன்று பேர் முகத்திலேயே. பார்த்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள்.

ஜூன் 4-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகத்தின் விதிமுறை வந்தது. பாதி இருக்கைகள் மட்டும். பயன்படுத்தியதும் தூக்கிப் போடும் மெனு. துணி நாப்கினுக்குப் பதில் காகிதம். பஃபே இருந்தால் இடைவெளி. ஏப்ரலிலேயே தொழிற்சாலைகளுக்கும் உத்தரவு போட்டிருந்தார்கள். ஷிஃப்ட்டுக்கும் ஷிஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேர இடைவெளி, சாப்பாட்டு நேரமும் ஆளாளுக்கு வேறு வேறு நேரத்தில். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளி மாதிரி இடங்களில் ஆயிரக்கணக்கானவர்களின் மதியச் சாப்பாடு இந்த ஒரு வரியில்தான் நின்றது. நட்சத்திர ஹோட்டல் பஃபேவுக்கு மூடுவிழா நடத்தலாம். பாய்லருக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவனின் சோற்றுக்கு நடத்த முடியுமா?

அந்த மே மாதம் சென்னையின் 15 மண்டலங்களில் அதிகத் தொற்று ராயபுரத்தில். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி கொரோனா ஆஸ்பத்திரியாக நிரம்பி வழிந்தது. ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு. அப்போதும் அம்மா உணவகங்கள் திறந்திருந்தன. 2013-ல் ஒரு ரூபாய் இட்லியோடு ஆரம்பித்தவை. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் கரண்டியும் கையுமாக நின்றார்கள். 1782-ன் வரிசை திரும்ப வந்தது. இந்த முறை தரையில் சுண்ணாம்பு வட்டத்தோடு.

சரி, கரண்டிதான் வில்லனா?

இல்லை. அதுதான் வேடிக்கை. 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்ஜோ நகரத்தில் ஓர் உணவகம். ஜன்னல் இல்லை, ஏ.சி. உண்டு. பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் மூன்று குடும்பங்கள். ஒருவரை ஒருவர் தெரியாது, ஒரு பாத்திரத்தில் கை வைக்கவும் இல்லை. பத்துப் பேருக்குத் தொற்று. சுற்றிச் சுற்றி வந்தது ஏ.சி. காற்று. வைரஸ் படிந்த பொருளை ஒருமுறை தொட்டால் தொற்று வரும் வாய்ப்பு, பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிவிட்டது.

1877-ல் தண்ணீரில் இருந்த கிருமிக்குக் காற்றைக் குற்றம் சொன்னோம். 2020-ல் காற்றில் இருந்த கிருமிக்குக் கரண்டியைக் குற்றம் சொன்னோம்.

இத்தனைக்கும் அந்த ஜூன் விதிமுறையிலேயே 'வெளிக்காற்று முடிந்தவரை உள்ளே வர வேண்டும், காற்றோட்டம் போதுமான அளவு இருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. தமிழக அரசு உணவகங்களில் ஏ.சி.யே போடக்கூடாது என்றது. ஆனால் நம் கண் நின்றது கையுறையிலும் சானிடைஸர் பாட்டிலிலும்தான். அவை கண்ணுக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெம்பு கொடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் அதை யார் கவனிப்பார்கள்? ஏ.சி. இல்லையா என்று சண்டைக்கு வேறு வருவார்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் பஃபேவை மூடிவிட்டு, பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். சாப்பாட்டை அறை வாசலுக்குக் கொண்டுபோனது யார்? ஊழியர்கள். அவர்களுக்குத் தனி அறை கிடையாது. பகிர்ந்துகொண்ட அறைகளில் தூங்கி, ஊழியர் மெஸ்ஸில் சாப்பிட்டு, வேலை பார்த்தார்கள். தொற்று முதலில் உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவுக்காரர்கள். கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னையிலேயே நட்சத்திர ஹோட்டல்களில் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஹோட்டலில் 80 பேருக்கு மேல். அதன் பிறகுதான் நகரத்தின் ஹோட்டல் ஊழியர்கள் எல்லோருக்கும் பரிசோதனை செய்யக் கிளம்பியது மாநகராட்சி.

பஃபேவில் கரண்டியைப் பரிமாறுகிறவர் கைக்கு மாற்றினோம். நமக்குப் பாதுகாப்பு. நாம் முக்கால் மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். மாஸ்க்கை இறக்கிவிட்டு, 'இன்னும் கொஞ்சம் வைப்பா' என்று எதிரே மூச்சு விடும் நூறு பேருக்கு முன்னால், நாள் முழுக்க நிற்கிறவன் அவன். கரண்டியோடு ஆபத்தையும் சேர்த்துத்தான் அவன் கையில் கொடுத்தோம்.

இப்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. கையுறை போய்விட்டது, கரண்டி திரும்ப நம் கைக்கு வந்துவிட்டது. சென்ற மாதம் போன ஒரு ஹாலில் ஜன்னல்கள் எல்லாம் மூடி, திரை போட்டு, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பாடத்தில் தப்பான பக்கத்தை மனப்பாடம் செய்து, சரியான பக்கத்தை மறந்துவிட்டோமோ என்று தோன்றியது.

அந்தப் பையனின் பதிலைச் சொல்கிறேன் என்றேன் இல்லையா? 'நீ சாப்பிட்டியாப்பா?' என்று கேட்டதற்கு, முகத் தடுப்புக்குப் பின்னாலிருந்து சிரித்தபடி சொன்னான்:

'உங்களுக்கெல்லாம் முடியட்டும் சார். நாங்க பின்னாடி ஸ்டோர் ரூம்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுக்குவோம்.'

அந்த ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.