ஆரணி தொகுதி எப்படி வாக்களித்தது? வெம்பாக்கத்திலிருந்து ஒரு பார்வை

திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகோடியில், காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிறது வெம்பாக்கம் வட்டம். ஒரு பக்கம் காஞ்சிப் பட்டு, மறுபக்கம் ஆரணிப் பட்டு. இடையில் ஏரிப் பாசனமும் தறிச் சத்தமும். இங்குள்ளவர்கள் சட்டமன்றத்திற்குச் செய்யாறு தொகுதியிலும் நாடாளுமன்றத்திற்கு ஆரணி தொகுதியிலும் வாக்களிக்கிறார்கள். தொகுதி மறுவரையறைக்குப் பிறகு உருவான ஆரணி மக்களவைத் தொகுதி முதன்முதலில் 2009இல் வாக்களித்தது. போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி (தனி), செஞ்சி, மயிலம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும்.

நான்கு மக்களவைத் தேர்தல்களின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். இந்தத் தொகுதி எந்தக் கட்சிக்கும் நிரந்தரச் சொத்தாக இருந்ததில்லை. 2009இல் காங்கிரஸின் மா. கிருஷ்ணசாமி வென்றார். 2014இல் அதிமுகவின் வி. ஏழுமலை 5 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பெற்று வென்றார். அப்போது திமுகவும் பாமகவும் தனித்தனி அணியில் நின்று, ஆளுக்கு இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல் வாங்கின. அதே தேர்தலில் தனித்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் எம்.கே. விஷ்ணு பிரசாத்துக்குக் கிடைத்தது 30 ஆயிரத்துக்கும் குறைவு. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 2019இல் அவரே திமுக கூட்டணியில் நின்று 6 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேல் பெற்றார். ஆள் அதே ஆள், சின்னமும் அதே கைச் சின்னம். மாறியது கூட்டணி மட்டுமே.

இதைப் பார்த்துவிட்டு, கூட்டணிக் கணக்கைக் கூட்டிப் போட்டால் விடை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தேநீர்க் கடைகளில் மட்டுமல்ல, நமது ஜமாஅத் கூட்டங்களிலும் இந்தக் கூட்டல் நடக்கும். 2019இல் அதிமுகவும் பாமகவும் ஒரே அணியில் இருந்தன. 2014இல் இவ்விரண்டும் தனித்தனியே வாங்கியதைக் கூட்டினால் ஏழரை லட்சம் வர வேண்டும். வந்தது 3 லட்சத்து 87 ஆயிரம் அளவுதான். 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த தேர்தலில் இரு கட்சிகளும் மறுபடியும் பிரிந்து நின்றன. திமுகவின் எம்.எஸ். தரணிவேந்தன் சுமார் 5 லட்சம் வாக்குகள் பெற்று, 2 லட்சத்து 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். அதிமுகவின் கஜேந்திரனுக்குச் சுமார் 2.91 லட்சம், பாமகவின் கணேஷ்குமாருக்குச் சுமார் 2.36 லட்சம். தோற்ற இருவரின் வாக்குகளைச் சேர்த்தால் வென்றவரைத் தாண்டுகிறது. ஆனால் சேர்ந்து நின்றபோது அந்த வாக்குகள் சேரவில்லை என்பதற்கு 2019 சாட்சி.

மக்களவைக்கு ஒருவிதமாகவும் சட்டமன்றத்துக்கு வேறுவிதமாகவும் வாக்களிக்கும் பழக்கமும் இங்கே உண்டு. 2019இல் 2 லட்சத்து 30 ஆயிரம் வித்தியாசத்தில் ஒரு பக்கம் சாய்ந்த தொகுதி, 2021 சட்டமன்றத் தேர்தலில் சரிபாதியாகப் பிரிந்தது. செய்யாறு, வந்தவாசி, செஞ்சி மூன்றும் திமுகவுக்கு, ஆரணியும் போளூரும் அதிமுகவுக்கு, மயிலம் பாமகவுக்கு. வெம்பாக்கம் வட்டத்தின் தூசி ஊரைப் பெயரோடு சேர்த்து அறியப்படும் தூசி கே. மோகன் 2016இல் செய்யாறில் வென்றவர். 2021இல் திமுகவின் ஒ. ஜோதியிடம் 12 ஆயிரத்துக்கும் சற்று கூடுதலான வாக்குகளில் தோற்றார்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு தொகுதிகள் ஆரணியும் செஞ்சியும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் அதைவிடக் குறைவு. ஆனாலும் ஆரணியில் 2021இல் சேவூர் எஸ். ராமச்சந்திரன் வென்றது சுமார் 3,100 வாக்குகளில். அந்த அளவுக்கு நெருங்கிய போட்டியில் இரண்டு மூன்று மஹல்லாக்களின் வாக்கே முடிவை மாற்றிவிடும். செஞ்சியில் கதை வேறு. அங்கே கே.எஸ். மஸ்தான் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்று அமைச்சரும் ஆனார். முஸ்லிம் வாக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த எண்ணிக்கையைத் தொடவே முடியாது. அவரை ஜெயிக்க வைத்தது பிற சமூகத்தாரின் வாக்கு. 'நமது வாக்கு வங்கி' என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை எவ்வளவு நுணுக்கமாக அறிய முடியும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தேர்தல் முடிந்தபின் படிவம் 20 வெளியாகும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை வாக்குகள் என்பது அதில் இருக்கும். தனி மனிதரின் வாக்கு ரகசியம்தான். ஆனால் ஒரு சாவடிக்கு ஏறக்குறைய ஆயிரம் வாக்காளர்கள் என்னும்போது, பள்ளிவாசல் தெருவோ காலனியோ எந்தப் பக்கம் நின்றது என்பது ஊருக்கே வெளிச்சமாகிவிடும். பிறகு சாலை வரவில்லை, குழாய் வரவில்லை என்று கேட்கப் போனால் என்ன பதில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 2015இல் ஆதரித்தது. நடைமுறைக்கு வரவில்லை. சிறுபான்மையினர் உரக்கக் கேட்க வேண்டிய கோரிக்கைகளில் இது ஒன்று என்பது நமது கருத்து.

இதுவரை பார்த்ததெல்லாம் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. ஒரு பிரச்சினையை முன்வைத்து 'வேண்டும், வேண்டாம்' என்று மக்களே வாக்களிக்கும் முறை அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உண்டு. வேட்பாளர் பெயர்கள் உள்ள அதே சீட்டில் கேள்விகளும் இருக்கும். நம் நாட்டில் அப்படி இல்லை. அதன் விளைவை மேல்மா விவசாயிகள் அறிவார்கள். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா உள்ளிட்ட கிராமங்களில் 3 ஆயிரம் ஏக்கருக்கும் மேல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 ஜூலை முதல் அவர்கள் போராடினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்தபின் சில நாட்களிலேயே ஆறு பேர் மீதான நடவடிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஐந்து மாதம் கழித்து மக்களவைத் தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி பெரிய வித்தியாசத்தில் வென்றது. இதை வைத்து நிலமெடுப்புக்கு மக்கள் சம்மதித்தார்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்தக் கேள்வியே அவர்களிடம் கேட்கப்படவில்லை. தறிக்கு இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 ஆனதற்காக வாக்களித்த நெசவாளியும், டெல்லியில் யார் ஆள வேண்டும் என்று யோசித்து வாக்களித்தவரும், சிப்காட் வேலைக்காக வாக்களித்த இளைஞரும் அந்த 5 லட்சத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

கேள்வியை நேரடியாக மக்களிடம் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. சுவிட்சர்லாந்தில் 2009 நவம்பர் 29 அன்று, புதிதாக மினாராக்கள் கட்டலாமா கூடாதா என்று பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். 57.5 சதவீதம் பேர் தடை வேண்டும் என்றார்கள். அன்று அந்த நாடு முழுவதும் இருந்த மினாராக்கள் நான்கே நான்கு! சிறுபான்மையினரின் உரிமையை எண்ணிக்கையால் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

நமக்கு இருப்பது கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேர் முதல் 300 பேர் வரை வந்தால் கூட்டம் செல்லும். ஒடிசாவின் நியம்கிரியில் சுரங்கம் வேண்டுமா என்பதை 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. 12 ஊர்களும் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. அதற்கு வன உரிமைச் சட்டம் துணை இருந்தது. தமிழ்நாட்டில் தொழில் நிலமெடுப்புக்கென 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருப்பதால், 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தரும் கிராம சபைக் கலந்தாய்வுப் பாதுகாப்பு இங்கே கிடைப்பதில்லை. தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. பக்கத்திலேயே ஏகனாபுரம், பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்துத் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்ட ஊர். 2024 தேர்தலையும் அந்த ஊர் புறக்கணித்தது. மிகச் சிலரே வாக்களித்தனர். திட்டம் கைவிடப்படவில்லை. அதே சமயம் மதுரை மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் போட்ட தீர்மானம் வேறு விதமாக முடிந்தது. டிசம்பரில் சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வாக்கு என்பது சாட்சியம், அமானிதம் என்று தேர்தல் நேரத்து ஜும்ஆ உரைகளில் நாம் சொல்கிறோம். அந்தச் சாட்சியத்தை ஊர்ப் பிரச்சினை ஒன்றின் மீது பெயரிட்டுச் சொல்ல முடிகிற இடம் கிராம சபை மட்டுமே. வெம்பாக்கம் ஒன்றியத்து ஊர்களிலும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூட வேண்டும். நோட்டீஸ் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருக்கும். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் படித்த பிறகு கையெழுத்துப் போடலாம்.