பள்ளிப் போக்குவரத்து உரிமை: அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம்

அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்டு 1990இல் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் எனப் பெயர் மாறிய கூட்டாட்சிச் சட்டம், போக்குவரத்தைக் கல்வியோடு இணைந்த சேவையாக வரையறுக்கிறது. பள்ளிக்குச் சென்றுவருவதுடன் பள்ளிக் கட்டடத்துக்குள் நடமாடுவதும், மின்தூக்கியோ சாய்தளமோ பொருத்திய பேருந்தும் அதில் அடங்கும். குழந்தைக்கு இது தேவையா என்பதைப் பெற்றோரும் இடம்பெறும் தனிநபர் கல்வித் திட்டக் குழு முடிவு செய்கிறது. திட்டத்தில் எழுதிவிட்டால் கட்டணமின்றி வழங்கியாக வேண்டும். சட்டத்தின் உயிர்நாடி இந்த வரையறைதான். வகுப்பறைக்கு வந்துசேர முடியாத குழந்தைக்கு இலவசக் கல்வி ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

செலவு தாங்காது என்று பள்ளி மாவட்டங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஒரு மாணவருக்கான தேசியச் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாகச் சொன்ன கூட்டாட்சி அரசு அந்த அளவை எட்டியதே இல்லை. அதற்காகப் பற்றாக்குறையைக் குழந்தையின் தலையில் கட்டுவது நியாயமாகாது. பள்ளி நேரம் முழுதும் தேவைப்பட்ட செவிலியர் பணியைக்கூடச் செலவைக் காட்டி மறுக்க முடியாதென 1999இல் சீடர் ராபிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேருந்துக்கும் அந்த நியாயம் பொருந்தும். தனி வண்டி பிள்ளைகளைப் பிரித்துவைக்காதா என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. இயன்றவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்திருப்பதையே சட்டமும் கோருவதால், உதவியாளர் துணையுடன் வழக்கமான பள்ளிப் பேருந்தில் செல்லக்கூடிய குழந்தைக்கு முதலில் அந்த வழியையே பார்க்க வேண்டும்.