வன்தட்டுப் பழுதும் தரவு மீட்பும்

ஹார்டு டிஸ்க் எனப் பரவலாக அழைக்கப்படும் வன்தட்டு, காந்தப் பூச்சுள்ள சுழலும் தட்டுகளில் தரவைச் சேமிக்கும் கருவியாகும். அது பழுதாகும்போது, பழுது எந்தப் பகுதியில் உள்ளது என்று கண்டறிந்து, உள்ளிருக்கும் தரவை வேறொரு சேமிப்பகத்துக்கு மாற்றும் பணி தரவு மீட்பு எனப்படுகிறது. பழுதான வன்தட்டை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது இதன் நோக்கமன்று. வன்தட்டைக் கடையில் வாங்கிவிடலாம்; அதிலிருந்த கணக்கையும் படங்களையும் வாங்க முடியாது. பழுதுற்ற வன்தட்டு இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. எனவே முதலில் பிரதி, பிறகே மற்றவை என்பது இத்துறையின் அடிப்படை விதி.

அமைப்பு

வன்தட்டின் உள்ளே அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டிருக்கும். மேசைக் கணினியில் இவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறையும் மடிக்கணினியில் 5,400 முறையும் சுழலும். தட்டின் பரப்பு ஒவ்வொன்றையும் படிக்கவும் எழுதவும் தனித்தனி ஹெட் உண்டு. சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின் மேல், தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் அது மிதக்கிறது. 500 நானோமீட்டர் அளவுள்ள ஒரு தூசித் துகள்கூட இந்த இடைவெளியைப் போலப் பல மடங்கு பெரியது. வன்தட்டின் மூடியை வீட்டிலோ கடை மேசையிலோ திறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

அடிப்புறத்தில் சர்க்யூட் போர்டு பொருத்தப்பட்டிருக்கும். வன்தட்டை இயக்கும் ஃபர்ம்வேரின் சிறு பகுதி மட்டுமே போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கிறது. பெரும்பகுதி தட்டுகளிலேயே, இயங்குதளத்தின் கண்ணில் படாத சேவைப் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலேயே கண்டறியப்பட்ட பழுதான செக்டர்களின் (தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) பட்டியல், பயன்பாட்டின்போது பழுதான செக்டர்களின் பட்டியல், கணினி கேட்கும் முகவரியைத் தட்டின் உண்மையான இடமாக மாற்றித்தரும் அட்டவணை ஆகியவை அங்கேதான் உள்ளன. ஹெட்டால் இப்பகுதியைப் படிக்க முடியாவிட்டால் வன்தட்டு தன் பெயரையும் கொள்ளளவையும்கூடச் சரியாகச் சொல்லாது.

பழுதின் வகைகள்

*மின்சுற்றுப் பழுது.* மின்சாரம் கொடுத்தும் வன்தட்டு சிறு அசைவுமின்றிக் கிடக்கும். வெளிப்புற வன்தட்டின் 12 வோல்ட் அடாப்டருக்குப் பதிலாக மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடுவது இதற்கு ஒரு வழக்கமான காரணம். அத்தகைய மிகை மின்னழுத்தத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்கென்றே பல போர்டுகளில் காப்பு டையோடுகள் வைக்கப்படுகின்றன. டையோடு மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் அதை நீக்கியதும் வன்தட்டு ஓடத் தொடங்கும். அப்போதும் தரவை எடுத்து முடிக்கும்வரை மட்டுமே அதை ஓட்டலாம். காப்பு போய்விட்டதால் அடுத்த மிகை மின்னழுத்தம் நேராகப் போர்டைத் தாக்கும்.

*இயந்திரப் பழுது.* ஹெட் பழுதானால் சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்ற ஓசை வரும். தட்டில் தன் இடத்தைக் காட்டும் குறிகளை ஹெட்டால் படிக்க முடியவில்லை. ஹெட்டைத் தாங்கும் கை திரும்பி வந்து மீண்டும் முயல்கிறது. அந்த முயற்சியின் ஓசையே அது. மெல்லிய பீப் ஒலியோ முனகலோ கேட்டால், மோட்டார் சுழல முயன்று முடியாமல் நிற்கிறது என்று பொருள். கீழே விழுந்த சிறிய வன்தட்டுகளில் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொள்வதால் இப்படி நேர்வதுண்டு. உரசும் ஓசை கேட்டால் அந்த நொடியே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். தட்டின் காந்தப் பூச்சு அப்போது உதிர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

*ஃபர்ம்வேர் பழுது.* வன்தட்டு சீராகச் சுழலும், ஓசை இருக்காது. ஆனால் பயாஸில் தோன்றாது, அல்லது தவறான பெயருடனும் சுழியக் கொள்ளளவுடனும் தோன்றும். சீகேட் நிறுவனத்தின் பாரகூடா 7200.11 வரிசை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஃபர்ம்வேர் பிழையொன்றால் அவ்வரிசையின் சில வன்தட்டுகள் மின்சாரம் கொடுத்ததும் உறைந்துபோயின. 2009 ஜனவரியில் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. தட்டிலிருந்த தரவுக்கு எந்தச் சேதமும் இல்லை. அதை அடையும் வழிதான் அடைபட்டிருந்தது.

*செக்டர் பழுது.* வன்தட்டு தோன்றும், கோப்புறைகளும் திறக்கும். சில கோப்புகளைத் தொட்டதும் கணினி நின்றுவிடும். படிக்க முடியாத செக்டர் ஒவ்வொன்றையும் வன்தட்டு திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதே இதற்குக் காரணம்.

*தருக்கப் பழுது.* வன்தட்டு நலமாக இருக்கும். கோப்பு முறைமைதான் குலைந்திருக்கும். கோப்புகளைத் தவறி அழித்தல், பார்ட்டிஷன் அட்டவணை கெடுதல், வன்தட்டை ஃபார்மட் செய்யும்படி விண்டோஸ் கேட்டல் ஆகியவை இவ்வகையைச் சேரும். ஆனால் பழுதான செக்டர் ஒன்று கோப்பு முறைமையின் அட்டவணையில் விழுந்தாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். ஆகவே வன்தட்டின் உடல்நிலையைப் பார்க்காமல், பழுது தருக்கவகை என்று முடிவுகட்டக் கூடாது.

முதற்கட்டச் சோதனை

சந்தேகம் எழுந்ததும் வன்தட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். ஓசை இயல்பாக இருந்தால் எளிய காரணங்களை முதலில் விலக்கலாம். வேறு சாட்டா கேபிள், வேறு மின் இணைப்பு, வேறு போர்ட் ஆகியவற்றில் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. வெளிப்புற வன்தட்டாக இருந்தால் பெட்டியிலுள்ள யு.எஸ்.பி. மாற்றிப் பலகை மட்டும் பழுதாகியிருக்கலாம். அப்போது உள்ளிருக்கும் வன்தட்டைக் கழற்றி நேரடியாகக் கணினியில் இணைத்துப் பார்ப்பார்கள். ஆனால் சில தயாரிப்புகளில் அந்தப் பலகையே தரவை மறையாக்கம் செய்கிறது. அவற்றில் பலகையை விட்டுப் பிரித்த வன்தட்டு பொருளற்ற எண்களை மட்டுமே தரும். எனவே பழைய பலகையை எறிந்துவிடக் கூடாது.

அடுத்து ஸ்மார்ட் எனப்படும் தற்கண்காணிப்புப் பதிவைப் பார்க்கலாம். ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இதைக் காட்டும். அதில் 5ஆம் எண், பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 198 என்பது வன்தட்டு தானே நடத்திய சோதனையில் திருத்த முடியாமல் நின்றவை. 199 மட்டும் உயர்ந்திருந்தால் குற்றம் பெரும்பாலும் கேபிளிலோ இணைப்பிலோ இருக்கும்.

இந்தப் பதிவு எச்சரிக்கை தரும்போது நம்பத்தக்கது. அமைதியாக இருக்கும்போது அவ்வளவு நம்பத்தக்கதன்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட வன்தட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையில்லாததைவிட 39 மடங்கு அதிகம் என்று அது காட்டியது. அதே ஆய்வில், செயலிழந்த வன்தட்டுகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வெப்பநிலை தவிர வேறெந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன.

முழுப் பிரதி எடுத்தல்

வன்தட்டு கணினியில் தோன்றி, ஓசையும் இயல்பாக இருந்தால், கோப்புகளைத் தனித்தனியாக இழுத்துப் போடுவதைவிட முதல் செக்டர் முதல் கடைசி செக்டர் வரை வேறொரு வன்தட்டுக்கு அப்படியே நகலெடுப்பதே முறை. பெறும் வன்தட்டின் கொள்ளளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். விண்டோஸ், இணைத்த உடனேயே கோப்பு முறைமையைத் திறந்து எழுதவும் தொடங்கும் என்பதால், வன்தட்டைத் தானாக மவுண்ட் செய்யாத லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி இதைச் செய்வது வழக்கம்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். சாதாரண நகல் மென்பொருள் முதல் பிழையிலேயே நின்றுவிடும், அல்லது அங்கேயே மணிக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்கும். டிடிரெஸ்க்யூ பிழையைக் கண்டதும் அந்த இடத்தைக் குறித்துவைத்துத் தாண்டிச் செல்லும். நலமான பகுதிகள் அனைத்தும் கைக்கு வந்தபிறகே தாண்டிய இடங்களுக்குத் திரும்பும். முதலில் பழுதான பகுதியின் இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி நகர்ந்து எல்லையைக் கண்டறியும். பிறகு எஞ்சியதைச் செக்டர் செக்டராகச் சுரண்டும். கேட்டுக்கொண்டால் மீண்டும் மீண்டும் முயலும். எது வந்தது, எது வரவில்லை என்பது ஒரு வரைபடக் கோப்பில் பதிவாகிக்கொண்டே இருப்பதால், இடையில் வன்தட்டு நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்தக் கோப்பைப் பழுதான வன்தட்டில் சேமிக்கக் கூடாது.

நலமான 1 டெராபைட் வன்தட்டு நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பிரதியாகிவிடும். பழுதானதற்கு நாட்கள் ஆகலாம். நகலெடுக்கும்போது வேகம் சட்டென்று வீழ்ந்தாலோ டிக் ஓசை தொடங்கினாலோ நிறுத்துவதே நல்லது. அதற்குமேல் ஆய்வகத்தின் வேலை.

கோப்புகளை மீட்டல்

பிரதி கிடைத்தபின் எல்லாச் சோதனைகளும் அதன்மீதே நடக்கின்றன. தவறு நேர்ந்தால் மூலம் இருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடி அட்டவணையை மீண்டும் எழுதும். கோப்பு முறைமையின் அட்டவணை பிழைத்திருந்தால் கோப்புகள் தம் பெயரோடும் கோப்புறையோடும் திரும்பும். அது முற்றிலும் அழிந்திருந்தால் ஃபோட்டோரெக் போன்றவை உதவும். இவை படம், ஆவணம் முதலிய ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய தொடக்கக் குறியைத் தேடி, அங்கிருந்து தரவை வெட்டியெடுக்கின்றன. இப்படி வருபவற்றுக்குப் பழைய பெயரும் இருக்காது, கோப்புறையும் இருக்காது. பல துண்டுகளாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய காணொளிகள் முழுமையாக வருவதும் அரிது.

ஆய்வக மீட்பு

ஹெட்டோ மோட்டாரோ பழுதான வன்தட்டைத் தூய்மை அறையில் மட்டுமே திறக்கலாம். ஐ.எஸ்.ஓ. 5ஆம் வகுப்புத் தூய்மையில், ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. ஹெட் தொகுதியை மாற்ற, கூடியவரை அதே மாடலும் நெருங்கிய தயாரிப்புத் தேதியும் கொண்ட 'டோனர்' வன்தட்டைத் தேடுவார்கள். மாற்றிய ஹெட் சில மணி நேரமே தாங்கலாம் என்பதால், மிகத் தேவையான கோப்புகள் எவை என்று உரிமையாளரிடம் கேட்டு, அவற்றை முதலில் எடுப்பதுண்டு.

போர்டு மாற்றம் பார்வைக்கு எளிது. நான்கைந்து திருகுகளின் வேலை. ஆனால் அந்தந்த ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்பத் தொழிற்சாலையில் அளந்து எழுதப்பட்ட மதிப்புகள் ரோம் சிப்பில் உள்ளன. பழைய போர்டின் ரோமைப் புதிய போர்டுக்கு மாற்றாவிட்டால் தற்கால வன்தட்டுகள் பெரும்பாலும் இயங்குவதில்லை.

கொலம்பியா விண்கலத்தின் வன்தட்டு

2003 பிப்ரவரி 1இல் கொலம்பியா விண்கலம் புவிக்குத் திரும்பும் வழியில் சிதைந்தது. அதில் செனான் வாயுவின் பாகுத்தன்மையை ஆராய்ந்த சோதனையின் வன்தட்டு ஒன்று, பல மாதங்களுக்குப் பின் வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்தது. ஓரக் காப்பு உருகி உள்ளே துகள்கள் புகுந்திருந்தன; தட்டுகளில் குழிகள் விழுந்திருந்தன. ஆயினும் கிரோல் ஆன்டிராக் நிறுவனம் தட்டுகளைத் துடைத்து வேறொரு வன்தட்டில் பொருத்தி, ஏறக்குறைய 99 விழுக்காடு தரவை மீட்டது. வன்தட்டு பாதியளவே நிரம்பியிருந்தது. கணினி ஓடியது டாஸ் இயங்குதளத்தில். அது கோப்புகளைப் பரப்பெங்கும் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதியிருந்தது. குழிகள் விழுந்தது எழுதப்படாத பகுதியில். சோதனை முடிவுகள் 2008இல் வெளியாயின. வெளித்தோற்றத்தைக் கொண்டு மீட்பின் வாய்ப்பை மதிப்பிட முடியாது என்பதற்கு இது சான்று.

மீட்க முடியாதவை

பூச்சு உதிர்ந்த இடத்திலிருந்த தரவை எந்த ஆய்வகமும் திரும்பத் தராது. தற்கால வன்தட்டுகளில் ஒருமுறை முழுமையாக மேலெழுதப்பட்ட தரவும் அப்படியே. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் வன்தட்டெங்கும் சுழியங்களை எழுதுகிறது. விரைவு ஃபார்மட் அப்படிச் செய்வதில்லை. எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்களில் கோப்பை அழித்ததும் டிரிம் கட்டளை அந்த இடங்களைக் காலியாக்கச் சொல்லிவிடுவதால் அழித்த கோப்பு பெரும்பாலும் திரும்பாது. பிட்லாக்கர் மறையாக்கம் செய்த வன்தட்டை முழுமையாகப் பிரதியெடுத்தாலும், கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புத் திறவியோ இல்லாமல் பயனில்லை.

நிலைமையை மோசமாக்கும் செயல்கள்

* பழுதான செக்டர் உள்ள வன்தட்டில் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டுதல். அது கோப்பு முறைமையின் ஒழுங்கைச் சரிசெய்யும். அதற்காக உடைந்த பதிவுகளைக் கழித்துவிடவும் தயங்காது.
* 'பேட் செக்டர் ரிப்பேர்' மென்பொருள்களை நம்புதல். இவற்றில் பல, பழுதான செக்டரில் புதிதாக எழுதுகின்றன. 197ஆம் எண் சுழியமாகும். அங்கிருந்த தரவும் போய்விடும்.
* உறைபெட்டியில் வைத்தல். வெளியே எடுத்ததும் ஈரம் தட்டின் மேல் படியும்.
* நீரில் நனைந்த வன்தட்டை வெயிலிலோ சூடேற்றியோ உலர்த்துதல். அழுக்கு தட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் கொடுக்காமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை.
* மீட்ட கோப்புகளை அதே வன்தட்டில் சேமித்தல்.

முன்னெச்சரிக்கை

தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. எப்போதும் இணைத்தே வைத்திருக்கும் வெளிப்புற வன்தட்டு மிகை மின்னழுத்தத்திலும் பணயத் தீநிரலிலும் மூலத்தோடு சேர்ந்தே அழியக்கூடும். ஒரே தரவைப் பல வன்தட்டுகளில் காக்கும் ரெய்டு அமைப்பு, ஒரு வன்தட்டு போனாலும் வேலை நிற்காமல் காக்கும்; தவறி அழித்த கோப்பைக் காக்காது, எல்லா வன்தட்டுகளிலும் ஒருசேர அழித்துவிடும். எனவே அது பேக்கப் ஆகாது. எடுத்த பேக்கப்பிலிருந்து சில கோப்புகளை அவ்வப்போது திறந்து பார்ப்பதும் இந்த ஏற்பாட்டில் அடங்கும். திறந்து பார்க்காத பிரதி, பழுது நேர்ந்த அன்றுதான் முதல்முறையாகச் சோதிக்கப்படுகிறது.