கரிக்கு வைத்த விலை

முப்பது வருஷம் அனல் மின் நிலையத்தில் கரித்தூளோடு பிழைத்தவன் நான். வெள்ளைச் சட்டையோடு ஷிப்டுக்குப் போனால், திரும்பும்போது காலர் கறுத்திருக்கும். அதனால்தானோ என்னவோ, 2024 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தில் ராட்கிளிஃப் அனல் மின் நிலையம் ஓட்டத்தை நிறுத்தியது என்று படித்தபோது மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. பிரிட்டனில் மிஞ்சியிருந்த கடைசி நிலக்கரி மின் நிலையம் அது. 1882-ல் லண்டன் ஹோல்பார்ன் வயாடக்டில் எடிசனின் நிலையம் கரியை எரித்துத் தெருவிளக்கு ஏற்றியதில் ஆரம்பித்த கணக்கு, 142 வருஷத்தில் முடிந்துபோனது.

என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர், "புகைக்கு வரி போட்டால் கஜானா நிறையும், புகை குறையாது" என்பார். நானும் பல நாள் ஆமாம் போட்டிருக்கிறேன். ஆனால் பிரிட்டன் கதையைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் புகைக்கு அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு விட ஒரு சீட்டு. ஆனால் சீட்டுகளைத் தாராளமாக, பெரும்பாலும் இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். 2008 பொருளாதாரச் சரிவில் ஆலைகளும் மந்தமாகிவிட, 2013-ல் சீட்டு விலை 5 யூரோ அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த விலைக்கு யார் பயப்படுவார்கள்?

அதே 2013 ஏப்ரலில் பிரிட்டன், தன் மின் நிலையங்கள் எரிக்கும் எரிபொருளுக்கு அதற்கு மேல் தனியாக ஒரு வரி போட்டது. 2015-ல் அதை டன்னுக்கு 18 பவுண்டாக உயர்த்தியது.

இங்கேதான் எங்கள் தொழில் சூட்சுமம் இருக்கிறது. மின்கட்டமைப்பில் எந்த நிலையத்தின் யூனிட் மலிவோ அதைத்தான் முதலில் ஓட்டுவார்கள். ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி விடும் புகை, எரிவாயு விடுவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஆகவே வரியும் இரண்டு மடங்கு. அதுவரை வரிசையில் முன்னால் நின்ற கரி நிலையங்கள் பின்னால் போய்விட்டன. 2012-ல் பிரிட்டன் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் கரியிலிருந்து வந்தது. 2016-ல் அது 10 சதவீதத்துக்கும் கீழே.

எல்லாப் பெருமையும் வரிக்கே என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய மாசு விதிகளால் பழைய நிலையங்கள் பல மூடப்பட்டன. எரிவாயு விலை இறங்கியது. கடல் காற்றாலைகள் பெருகின. எல்லாவற்றுக்கும் மேலாக, 1990-களிலிருந்தே கட்டிய எரிவாயு நிலையங்கள் தயாராக நின்றன.

நம் நாட்டிலும் 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டு, 2016-ல் 400 ரூபாய் ஆக்கினார்கள். கரி எரிப்பது குறையவில்லை, கூடத்தான் செய்தது. இங்கே எரிவாயு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். கரியை விட்டால் வேறு கதியில்லாத இடத்தில் வரி என்ன செய்யும்? அது மின் கட்டணத்தில்தான் போய்ச் சேரும்.

நண்பரிடம் நாளை இதைத்தான் சொல்லப் போகிறேன். மாற்று வழி உள்ளவனுக்குத்தான் விலை உறைக்கும். மற்றவனுக்கு அது வெறும் சுமை. வழியை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் விலையை ஏற்றுவதுதான் நியாயம்.