சி.இ.ஏ.: குறி சொன்ன ஒரு புரதத்தின் கதை

ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டினால், தோஷம் இருக்கிறது என்று சொல்வதோடு அவர் நிறுத்த மாட்டார். கூடவே பரிகாரமும் சொல்வார். பரிகாரம் இல்லாத தோஷத்தைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

மருத்துவத்திலும் இதே கேள்வி உண்டு. "உங்களுக்குப் புற்றுநோய் திரும்பி வரப்போகிறது" என்று ஒரு ரத்தப் பரிசோதனை சில மாதங்கள் முன்பே சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெரிந்துகொண்டு மருத்துவரால் ஏதாவது செய்ய முடியுமா? முடியாது என்றால் அந்தப் பரிசோதனை எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை தேடி மருத்துவ உலகம் ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் அலைந்திருக்கிறது. அந்த அலைச்சலின் மையத்தில் இருப்பது ஒரு புரதம். பெயர் கார்சினோ எம்பிரியானிக் ஆன்டிஜென். சுருக்கமாக சி.இ.ஏ. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்த மூன்றெழுத்து நன்றாகவே பழக்கமாகியிருக்கும்.

முயல்கள் காட்டிய வழி

1960களின் முதல் பாதி. கனடாவின் மான்ட்ரியல் நகரம். மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபில் கோல்ட் என்ற இளம் மருத்துவர், சாமுவேல் ஃப்ரீட்மனின் வழிகாட்டுதலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சாதாரணச் செல்லில் இல்லாமல் புற்றுநோய்ச் செல்லில் மட்டும் இருக்கும் பொருள் ஏதாவது உண்டா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

அதற்கு முன்பும் பலர் இதைத் தேடியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சிக்கல். ஒருவருடைய கட்டியை எடுத்து இன்னொருவருடைய நல்ல திசுவோடு ஒப்பிட்டால் வேறுபாடுகள் நிறையத் தெரியும். அந்த வேறுபாடு புற்றுநோயால் வந்ததா, அல்லது ரத்த வகை மாதிரி ஆளுக்கு ஆள் இருக்கும் இயல்பான வேறுபாடா? பிரித்துச் சொல்ல முடியாது.

கோல்டும் ஃப்ரீட்மனும் பெருங்குடலைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பெருங்குடல் கட்டி, குடல் சுவரின் நீளவாக்கில் அதிக தூரம் பரவாது. அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கும் குடல் துண்டில் நடுவில் கட்டி இருக்கும். சில சென்டிமீட்டர் தள்ளி நல்ல திசு இருக்கும். இரண்டும் ஒரே மனிதருடையவை. ஆளுக்கு ஆள் வேறுபாடு என்ற தொல்லை ஒரேயடியாக ஒழிந்தது.

கட்டியின் சாற்றை முயல்களுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். முயலின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி ஆன்டிபாடிகளை உருவாக்கும். அந்த ஆன்டிபாடிகளை நல்ல திசுவோடு கலந்தால், நல்ல திசுவிலும் உள்ள பொருள்களோடு ஒட்டக்கூடியவை எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்பவை கட்டியை மட்டும் அடையாளம் காண்பவை. அரிசியைப் புடைத்து உமியை நீக்குவது போலத்தான். இன்னொரு வழியையும் கையாண்டார்கள். பிறந்த குட்டி முயல்களுக்கு முதலில் நல்ல திசுவைச் செலுத்தி, அதை 'நம்முடையது' என்று அவற்றின் உடலைப் பழக்கிவிட்டார்கள். பிறகு கட்டியின் சாற்றைச் செலுத்தினார்கள். இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து நின்றன. கட்டியில் ஏதோ ஒன்று தனியாக இருந்தது.

1965ல் இந்த முடிவுகள் வெளியாயின. அதே வருடம் இன்னொரு ஆச்சரியமும் வந்தது. முதல் ஆறு மாதங்களில் இருக்கும் மனிதக் கருவின் குடல், கல்லீரல், கணையம் ஆகியவற்றிலும் அதே பொருள் இருந்தது! கருவில் இருந்து, வளர்ந்தபின் அடங்கிப்போய், புற்றுநோயில் மறுபடியும் தலைதூக்கும் பொருள். 'கார்சினோமா', 'எம்பிரியோ' என்ற இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். ஆரோக்கியமான பெரியவர்களின் குடலிலும் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் 'கொஞ்சம்' பிற்பாடு பெரிய தலைவலியானது.

36 பேரில் 35 பேர்

கட்டியில் இருக்கும் பொருள் ரத்தத்திலும் கசிந்து வருமா? வந்தாலும் மிக மிகச் சொற்ப அளவில்தான் வரும். அதை அளக்க ஒரு கருவி ஏற்கெனவே தயாராக இருந்தது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் ரத்தத்தில் இன்சுலினை அளப்பதற்காக உருவாக்கிய ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்ற முறை அது. கதிரியக்க அடையாளம் இட்ட பொருளையும் ஆன்டிபாடியையும் கொண்டு, நானோகிராம் அளவுகளைக்கூட அதில் அளக்கலாம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இதற்காக யாலோ 1977ல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் 1972லேயே இறந்துவிட்டார்.

இந்த முறையில் மான்ட்ரியல் குழு சி.இ.ஏ.வை அளந்து 1969ல் முடிவை வெளியிட்டது. பெருங்குடல் புற்றுநோய் இருந்த 36 பேரில் 35 பேருக்கு ரத்தத்தில் சி.இ.ஏ. உயர்ந்திருந்தது. எல்லோருக்கும் ஒரே பரபரப்பு. ஒரு ஊசி ரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற கனவு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது போலத் தோன்றியது.

மற்ற ஆய்வகங்கள் அளக்கத் தொடங்கியதும் கனவு கரைந்தது. நோய் முற்றியவர்களிடம்தான் சி.இ.ஏ. நன்றாக ஏறியது. ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களில் பலருக்கு ஏறவே இல்லை. இன்னொரு பக்கம், புற்றுநோயே இல்லாதவர்களுக்கு ஏறியது. புகை பிடிப்பவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், கணைய அழற்சி உள்ளவர்கள், குடல் அழற்சி உள்ளவர்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். அறிகுறி எதுவும் இல்லாத 10,000 பேருக்குப் பரிசோதனை செய்கிறோம். அவர்களில் 30 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது. பரிசோதனை அவர்களில் 12 பேரைப் பிடிக்கிறது. 18 பேரைத் தவறவிடுகிறது. நோய் இல்லாத 9,970 பேரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குப் பொய்யாக உயர்ந்திருந்தால், ஏறக்குறைய 500 பேர் காரணமில்லாமல் பயந்துபோய் மேல் பரிசோதனைகளுக்கு ஓட வேண்டும். நோய் உள்ள 18 பேரோ "நமக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். இரண்டில் எது அதிக ஆபத்து என்று சொல்வது கடினம்.

1980ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வல்லுநர்களைக் கூட்டி விவாதித்தது. அறிகுறி இல்லாதவர்களிடம் புற்றுநோயைத் தேட சி.இ.ஏ.வைப் பயன்படுத்தக் கூடாது என்பது முடிவு. இன்றைக்கும் அதுதான் நிலை.

கண்டுபிடிக்க அல்ல, காவலுக்கு

ஆனால் சி.இ.ஏ. அதோடு ஓய்வு பெறவில்லை. அதற்கு வேறு வேலை கிடைத்தது. ஊரில் உள்ள எல்லோருடைய அளவையும் ஒப்பிடுவதற்குப் பதிலாக, ஒரே நோயாளியின் அளவை அவருடைய பழைய அளவோடே ஒப்பிட்டால்?

அறுவை சிகிச்சைக்கு முன் உயர்ந்திருந்த அளவு, கட்டி முழுவதும் போய்விட்டால் சில வாரங்களில் இயல்புக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இறங்கிய அளவு மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல ஏறினால், நோய் திரும்புகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கல்லீரலில். நோயாளிக்கு வலியோ எடை குறைவோ தெரியும் முன்பே இந்த எண் அசைந்துவிடும். தவிர, சிகிச்சைக்கு முன்பே அளவு மிக அதிகமாக இருந்தவர்களின் எதிர்காலம் சராசரியாக மோசமாக இருந்ததையும் ஆய்வுகள் காட்டின. குறி சொல்வதில் சி.இ.ஏ. கெட்டிக்காரன்தான்.

சரி, பரிகாரம்? அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற அறுவை மருத்துவர் 1940களின் பிற்பகுதியிலேயே ஒரு துணிச்சலான முறையைத் தொடங்கியிருந்தார். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் சில மாதங்கள் கழித்து வயிற்றை மறுபடி திறந்து பார்ப்பது. மிச்சம் மீதி இருந்தால் அகற்றுவது. 'இரண்டாம் பார்வை' என்று அதற்குப் பெயர். ஒன்றும் இல்லாதவர்களின் வயிற்றையும் வீணாகத் திறக்க வேண்டியிருந்தது அதன் குறை. எப்போது திறக்க வேண்டும் என்று சி.இ.ஏ. சொல்லிவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும் அல்லவா? 1970களில் ஒஹையோவில் எட்வர்ட் மார்ட்டினும் ஜான் மின்டனும் இதைச் செய்யத் தொடங்கினார்கள். நம்பிக்கை பரவியது.

216 பேர்

நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. 1982ல் பிரிட்டனில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த 1,447 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் தவறாமல் சி.இ.ஏ. அளக்கப்பட்டது. குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஏறியவர்கள் 216 பேர். அவர்கள் குலுக்கல் முறையில் சரிபாதியாக, 108 பேர் வீதம், பிரிக்கப்பட்டார்கள்.

முதல் பிரிவில் எண் ஏறியதை மருத்துவருக்குச் சொன்னார்கள். அவர் உடனே தேடி, முடிந்தால் அறுவை சிகிச்சை செய்வார். இரண்டாம் பிரிவில் மருத்துவருக்குச் சொல்லவில்லை. அறிகுறி வந்தபிறகு வழக்கமான சிகிச்சை.

படிக்கும்போதே மனம் பதறுகிறது. நோய் திரும்புவது ஆய்வகத்துக்குத் தெரியும்; பக்கத்தில் நின்று பார்க்கும் மருத்துவருக்குத் தெரியாது. இது நியாயமா? ஆனால் சொன்னால் நன்மை உண்டா என்பது அப்போது யாருக்குமே தெரியாது. சொல்வது நிச்சயம் உதவும் என்று தெரிந்திருந்தால் மறைப்பது குற்றம். தெரியாத நிலையில், பெரிய அறுவை சிகிச்சைகளைச் சோதிக்காமலே செய்துகொண்டிருப்பது எந்த வகையில் நியாயம்?

1993 பிப்ரவரியில் கணக்கெடுத்தபோது, உடனே சிகிச்சை என்ற பிரிவில் 108 பேரில் 91 பேர் இறந்திருந்தார்கள். காத்திருந்த பிரிவில் 88 பேர். முன்கூட்டியே அறிந்தும், முன்கூட்டியே வெட்டியும் உயிர் மிஞ்சவில்லை. அந்த வருடத்தோடு ஆட்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதே 1993ல் அமெரிக்காவிலிருந்து சார்ல்ஸ் மோர்டெல் குழு வெளியிட்ட ஆய்வும், சி.இ.ஏ. கண்காணிப்பால் குணமானவர்கள் மிக அரிது என்றே சொன்னது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வருத்தமான பகுதி. பிரிட்டன் சோதனையின் முழு அறிக்கை வெளியாகவே இல்லை. உலகெங்கும் ரத்தம் எடுப்பதும், எண்ணைப் பார்ப்பதும், அறுவை சிகிச்சைகளும் தொடர்ந்தன. வெளியிடப்படாமல் கைவிடப்பட்ட சோதனைகளை மற்றவர்கள் எடுத்து வெளியிடலாம் என்று 2013ல் ஒரு முயற்சி தொடங்கியது. அதைப் பின்பற்றி டாம் ட்ரெஷர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் பழைய பதிவுகளைத் தேடியெடுத்து 2014ல் அறிக்கையை வெளியிட்டார்கள். இருபது வருடங்களுக்கு மேல் தாமதம். அந்த 216 பேர் தங்கள் உடம்பைக் கொடுத்துப் பெற்ற விடை, அதுவரை உறங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் சி.இ.ஏ. வீணா?

அவசரப்பட வேண்டாம். எண் மாறவில்லை என்றாலும் காலம் மாறிவிட்டது. 1980களில் கல்லீரலில் பரவிய கட்டியை அகற்றுவது சிலரால் மட்டுமே முடிந்த காரியம். பிறகு கல்லீரல் அறுவை சிகிச்சை பாதுகாப்பானது; ஸ்கேன் துல்லியமானது; புதிய மருந்துகள் வந்தன. 2006ல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், இரண்டாம், மூன்றாம் கட்ட நோயாளிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று வருடங்கள் சி.இ.ஏ. பார்க்கச் சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை: நோய் திரும்பினால் சிகிச்சையைத் தாங்கக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். பரிகாரம் உண்டென்றால் மட்டும் ஜாதகம் பாருங்கள் என்பது போல!

2014லேயே பிரிட்டனிலிருந்து இன்னொரு சோதனையின் முடிவும் வந்தது. 39 மருத்துவமனைகளில் 1,202 பேர். தீவிரமாகக் கண்காணிக்கப்படாதவர்களில் 2.3 சதவீதம் பேருக்கே, திரும்பிய நோயைக் குணப்படுத்தும் நோக்கில் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது. சி.இ.ஏ. பார்த்தவர்களில் 6.7 சதவீதம். சி.டி. ஸ்கேன் பார்த்தவர்களில் 8 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் இறந்தவர்களின் விகிதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. நன்மை இருந்தாலும் அது சிறியது.

வேறொரு புரதம் சொன்ன பாடம்

செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் உண்டு. அவற்றில் நான்கை மருத்துவர்கள் கட்டியின் மெல்லிய சீவலில் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். சிலருடைய கட்டியில் அவற்றில் ஒன்றோ இரண்டோ காணாமல் போயிருக்கும். பிழைகள் குவிந்த அந்தக் கட்டிகளை உடலின் எதிர்ப்பு சக்தி எளிதில் அடையாளம் காணும். 2015ல் வெளியான ஆய்வில், எதிர்ப்பு சக்தியின் கட்டை அவிழ்த்துவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து இத்தகைய கட்டிகளில் நன்றாக வேலை செய்தது. மற்ற பெருங்குடல் கட்டிகளில் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை. 2017ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

பரவிய பெருங்குடல் புற்றுநோயில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்குத்தான் இந்த வகை. ஆனால் அவர்களுக்கு அந்தச் சாயப் பரிசோதனை வெறும் குறி அல்ல. எந்த மருந்து என்று கைகாட்டும் வழிகாட்டி. சி.இ.ஏ. "என்ன நடக்கும்" என்று மட்டும் சொன்னது. இது "என்ன செய்ய வேண்டும்" என்றும் சொல்கிறது.

புதிய புதிய புரதங்கள் நோயின் போக்கை முன்கூட்டியே சொல்கின்றன என்று செய்திகள் அடிக்கடி வருகின்றன. அப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது, எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சொன்னதைக் கேட்டு நடந்தவர்கள், கேட்காதவர்களைவிட நன்றாக வாழ்ந்தார்களா என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடித்தான் 1,447 பேர் ரத்தம் கொடுத்தார்கள்.