கணிப்பொறிக்கு வாய்த்த துபாஷி

பல மொழி பேசும் மக்களிடையே வாழும் நமக்கு மொழிபெயர்ப்பாளனின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குப் புதிதாய் வந்த மூதாட்டி ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் படும் பாட்டை நாம் அறிவோம். உடன் ஒரு பேரப்பிள்ளை நின்று இந்தியிலோ மராத்தியிலோ எடுத்துச் சொன்னால் காரியம் எளிதில் முடிகிறது. மனிதனுக்கும் கணிப்பொறிக்கும் இடையே அப்பேரப்பிள்ளையின் இடத்தில் நிற்பதே கம்பைலர் என்னும் மொழிபெயர்ப்பு நிரல். கும்பினியார் காலத்துத் துபாஷியைப் போன்ற இது நம் மாநகருக்கு வந்த வரலாறும், இன்று நம் வீட்டு வாயில் வரை வந்திருக்கும் செய்தியும் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவையாகும்.

கணிப்பொறி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே குறிகள். அதனிடம் வேலை வாங்குவோர் தொடக்கக் காலத்தில் அதன் மொழியிலேயே கட்டளைகளை எழுதினர். நம் மாநகரில் ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1950களின் நடுவே கணிப்பொறி ஒன்றை உருவாக்கும் பணி தொடங்கிற்று. அதற்குத் தலைமை ஏற்றவர், சென்னையில் பிறந்து அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய ஆர். நரசிம்மன். ஏறத்தாழ 2,700 வால்வுகள் கொண்ட அப்பொறி 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962இல் அதற்கு 'டிப்ராக்' என்று பெயர் சூட்டப்பெற்றது. அதன் நினைவகம் கொண்டது 2,048 எண்களையே. கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டே அதனிடம் பேச வேண்டியிருந்தது. பொறியின் உள்ளமைப்பை நன்கறியாதார் அதனை அணுகுதல் அரிதாயிற்று.

இத்துன்பத்திற்கு மருந்து கடல் கடந்த நாட்டில் முன்னரே உருவாகியிருந்தது. ஜான் பேக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1957இல் போர்ட்ரான் மொழியையும் அதற்குரிய கம்பைலரையும் வெளியிட்டனர். கணித வாய்பாட்டை ஏறக்குறைய அதன் வடிவிலேயே எழுதித் தந்தால், அதனைப் பொறியின் மொழிக்கு மாற்றும் வேலையைக் கம்பைலரே செய்துவிடும். கைதேர்ந்தவர் எழுதுவதற்கு இணையாகப் பொறி மொழிபெயர்க்குமா என்று ஐயுற்றோர் பலர். அந்த ஐயம் விரைவில் அகன்றது.

1964இல் டாட்டா நிலையத்திற்கு சி.டி.சி. 3600 என்னும் பெரும் பொறி வந்தது. அதனுடன் போர்ட்ரானும் பம்பாயில் குடிபுகுந்தது. ஓர் அட்டைக்கு ஒரு வரி. அட்டையின் 80 கட்டங்களில் 7 முதல் 72 வரையுள்ளவற்றிலேயே கட்டளை அமைய வேண்டும். துளையிட்ட அட்டைக் கட்டினைப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, முறை வரும் வரை காத்திருப்பது அந்நாளைய வழக்கம். ஒரு காற்புள்ளி விடுபட்டிருப்பின் பிழைப் பட்டியலுடன் கட்டு திரும்பி வரும். திருத்திக் கொடுத்து மீண்டும் காத்திருக்க வேண்டும். துபாஷி வந்துவிட்டான், ஆயினும் ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலுக்கு உள்ளேயே நின்றான். தொழிலாளர் குடியிருப்பின் பிள்ளைகள் அவனைக் காண வழியில்லை.

எனினும் அவனது தொண்டு நம்மை எட்டாமற் போகவில்லை. நரசிம்மனை முதல் தலைவராகக் கொண்டு அரசு நிறுவிய சி.எம்.சி. நிறுவனமே 1985இல் புது தில்லியில் இரயில்வே முன்பதிவுக்கான கணிப்பொறி முறையை அமைத்தது. அதன் நிரல் போர்ட்ரானில் எழுதப்பட்டது. பின்னர் அம்முறை நம் மாநகருக்கும் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனிப் பேரேடு; அதில் கையால் பெயரெழுதி இடம் ஒதுக்குவர் என்று எமது துறையின் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊருக்குச் செல்ல முன்பதிவுச் சாளரத்தில் சீட்டு வாங்கிய குடும்பங்கள் யாவும் பெயரறியாமலே இத்துபாஷியின் தொண்டைப் பெற்றவையே.

அடுத்த மாறுதல் 1983இல் நிகழ்ந்தது. போர்லாண்ட் நிறுவனம் 'டர்போ பாஸ்கல்' என்னும் கம்பைலரை 49.95 டாலர் விலையில் விற்றது. எழுதுதல், மொழிபெயர்த்தல், பிழை திருத்துதல் ஆகிய மூன்றையும் ஒரே திரையில் முடிக்க அது வகை செய்தது. அட்டைக்காலத்தின் காத்திருப்பு நொடிக்கணக்காகச் சுருங்கியது. அந்நிறுவனத்தின் 'டர்போ சி' நம் நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடமாக விளங்கியது. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜி.சி.சி. என்னும் கம்பைலரை வெளியிட்டார். எவரும் விலையின்றிப் பெறலாம், படி எடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம் என்பது அதன் நெறி. வாயிற்கதவு முழுவதும் திறந்தது அப்போதுதான் எனின் மிகையாகாது.

இன்று அதனை நிறுவுவது அரிய செயலன்று. லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியில் ஒரே கட்டளையால் ஜி.சி.சி.யைத் தருவித்துக்கொள்ளலாம். விண்டோஸ் பொறியில் இறக்கி நிறுவியபின், அது குடியிருக்கும் இடத்தின் முகவரியைப் பொறிக்கு அறிவித்தல் வேண்டும். முகவரியில்லாக் கடிதம் போய்ச் சேராததுபோல, இதனை விட்டுவிட்டால் கம்பைலர் இருந்தும் இல்லாததாகும். புதியோர் மயங்கி நிற்கும் இடம் இதுவே. பின்னர் நிரலை எழுதிச் சேமித்து, மொழிபெயர்த்து, இயக்கிப் பார்க்கலாம். அரைப்புள்ளி ஒன்று விடுபட்டால் பத்துப் பிழைகள் திரையில் வரும். அஞ்சற்க! முதற்பிழையைத் திருத்தி மீண்டும் மொழிபெயர்த்தால் எஞ்சியவற்றுள் பல தாமே மறையும்.

இத்துணையும் விலையின்றிக் கிடைக்க, இவற்றின் தொடக்கப் பாடத்திற்கே கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் நம்மிடையே உளர். பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' என்னும் திட்டத்தின் வாயிலாகச் சி மொழி உள்ளிட்ட பல பாடங்களைச் சிறு சிறு ஒலி-ஒளிப் படங்களாக இலவசமாய் வழங்குகிறது. தமிழிலும் அவை உள்ளன. நம் பிள்ளைகளுக்குக் குறைவாயிருப்பது அறிவன்று. அமர்ந்து பழக ஓர் இடமும், ஐயம் கேட்க ஒரு துணையுமே ஆகும். பத்துக்குப் பத்து அறையில் அறுவர் வாழும் வீட்டில் அவ்விடம் ஏது?

ஆதலின், சங்கத்தின் படிப்பகத்தில் மாலைதோறும் இரண்டு மணி நேரம் இதற்கென ஒதுக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறோம். புதிய பொறி வாங்கும் அன்பர்கள் பழையதை விற்காமல் சங்கத்திற்கு வழங்குவார்களாக. பொறியியல் பயின்ற நம் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலை வந்து உதவுவார்களாக. கொலாபாவில் அறிஞர் சிலருக்கே பணிசெய்த துபாஷி, அடுத்த ஆண்டு விழாவிற்குள் நம் குடியிருப்புப் பிள்ளைகள் பத்துப் பேருக்கேனும் ஏவல் செய்யட்டும்!